சூளை ஏரியில் ஒரு மைதானம்: இடித்துக் கட்டுவதா, இடம் மாற்றுவதா?

பெங்களூர் எஃப்.சி. என்ற கால்பந்து கிளப் அசோக்நகர் மைதானத்தில் ஆடியது ஒரே ஒரு பருவம். 2013 ஜூலையில் கிளப் தொடங்கியது. செப்டம்பரில் மோகன் பகானுடன், அப்போதைய தேசிய லீக்கான ஐ-லீக்கில் முதல் ஆட்டம், 1-1. அடுத்த ஏப்ரலில் கோவாவில் டெம்போ கிளப்பை வென்று, பிறந்து ஒரு வருஷத்துக்குள்ளேயே சாம்பியன். அதற்கடுத்த பருவத்தில் கிளப் அங்கே இல்லை. இரண்டு கிலோமீட்டருக்குள்ளாகவே இருக்கும் கண்டீரவா ஸ்டேடியத்துக்குக் குடிபோய்விட்டது.

அந்தக் குடிபெயர்ப்பையும், கிளப் விட்டுப்போன மைதானத்தை இனி என்ன செய்வது என்பதையும் சேர்த்துப் பார்ப்பதற்குத்தான் இதை எழுதுகிறேன். மக்ராத் ரோட்டில், கருடா மாலுக்குப் பக்கத்தில், நகரின் நட்ட நடுவில் இருக்கிறது பெங்களூர் கால்பந்து ஸ்டேடியம், அதாவது அசோக்நகர் மைதானம். வயசான கான்கிரீட் கேலரி, சுற்றிலும் நெருக்கடியான ரோடு. இதை இடித்து இங்கேயே புதுசாகக் கட்டலாமா, இல்லை ஊருக்கு வெளியே பெரிய இடமாகப் பார்த்துப் போய்விடலாமா? எங்கள் பேட்டை டீக்கடையில் இந்தப் பேச்சு வராத மாதம் கிடையாது. 2025க்குப் பிறகு, கிரிக்கெட் ஸ்டேடியத்தையே வெளியே கொண்டுபோகலாம் என்ற பேச்சு எழுந்ததும், இது இன்னும் சூடாகிவிட்டது.

நான் ஆஸ்டின் டவுனில் வளர்ந்தவன். என் பக்கம் எது என்று ஒளிக்கப் போவதில்லை. பாசத்தை ஓரமாக வைத்துவிட்டு டேப்பும் கால்குலேட்டரும் எடுத்து உட்கார்ந்தாலும் எனக்கு அதே விடை வருகிறது. எப்படி வருகிறது என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஏரி, சூளை, மைதானம்

இந்த மைதானத்துக்கு அடியில் ஒரு ஏரி இருக்கிறது. சூளை ஏரி. செங்கல் சூளை போட்ட இடம் என்பதால் அந்தப் பேட்டைக்கே சூளை என்று பேர் வந்ததாக வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கன்டோன்மென்ட் வந்தபோது பிழைக்க வந்த தமிழர் வாயில் புழங்கிய பேர், ஆங்கிலேயன் எழுத்தில் வேறு மாதிரி ஆகி, இன்றைக்குப் பாதிப் பேருக்கு அர்த்தம் மறந்துவிட்டது.

பெங்களூரில் ஸ்டேடியம் என்றாலே அடியில் ஏரி என்று வைத்துக்கொள்ளலாம். கண்டீரவா நிற்பது சம்பங்கி ஏரியில். அக்கித்திம்மனஹள்ளி ஏரி ஹாக்கி ஸ்டேடியம் ஆனது. சம்பங்கி ஏரியில் மிச்சம் விட்ட குளம் ஒன்று கண்டீரவாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது; கரகத் திருவிழாவுக்கு இன்றும் அது வேண்டும். ஸ்டேடியம் வந்தாலும் சடங்கு இடம் மாறவில்லை.

ஏரிக் கதையை நான் அழகுக்காகச் சொல்லவில்லை. ஏரிப் படுகையில் கட்டினால் மழைத் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வரும். அஸ்திவாரச் செலவும் வடிகால் செலவும் மேட்டு நிலத்தைவிடக் கூடும். இங்கேயே இடித்துக் கட்டு என்கிற கட்சி முதலில் ஒப்புக்கொள்ள வேண்டிய செலவு இது. நானும் அந்தக் கட்சிதான் என்பதால் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

இப்போது மைதானத்தை மையமாக வைத்து ஒரு வட்டம் போடுங்கள். ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, விவேக் நகர், ஈஜிபுரா. வடக்கே கொஞ்சம் தள்ளி அல்சூர், கௌதமபுரம், மர்ஃபி டவுன். எல்லாமே தமிழ் புழங்கும் பேட்டைகள், எல்லாமே பந்து பைத்தியம் பிடித்தவை. கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். உலகக் கோப்பை வந்தால் தெரு முழுக்க மஞ்சளும் பச்சையும்தான். பக்கத்துத் தெருவில் ஒரு அர்ஜென்டினா கோஷ்டி இருக்கும். அவர்களோடு ஒரு மாசத்துக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

இந்த வட்டத்திலிருந்தும் அதை ஒட்டியும் கிளம்பியவர்களைப் பாருங்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா பிரான்ஸிடம் 1-2 என்று தோற்றது. பெரும்பாலானவர்கள் பூட்ஸ் இல்லாமல் ஆடிய ஆட்டம். கிடைத்த இரண்டு பெனால்டியையும் கோட்டைவிட்டார்கள். அந்த ஒரு கோல், சுதந்திர இந்தியா ஒலிம்பிக் கால்பந்தில் போட்ட முதல் கோல், பெங்களூர் சாரங்கபாணி ராமன் அடித்தது. அதே அணியில் அகமது கானும் தன்ராஜும் இருந்தார்கள். இரண்டு பேரும் பிறகு கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலின் ‘பஞ்ச பாண்டவர்’ முன்வரிசையில் சேர்ந்து கொடிகட்டிப் பறந்தார்கள். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிய அணியில் அருமைநாயகம். மோகன் பகானில் உலகநாதன். எங்கள் ஆஸ்டின் டவுனிலிருந்து கார்ல்டன் சாப்மன். 2020 அக்டோபரில் அவர் போனபோது தெருவே கொஞ்ச நாள் சத்தமில்லாமல் இருந்தது. இவர்களுக்கெல்லாம் முன்னால், 1937இல், ரோவர்ஸ் கோப்பையை வென்ற முதல் இந்திய சிவிலியன் அணி பெங்களூர் முஸ்லிம்ஸ்.

இவர்களில் முக்கால்வாசிப் பேரை இந்த ஸ்டேடியம் உண்டாக்கவில்லை. தெருவும் செம்மண் திடலும் உண்டாக்கின. ஸ்டேடியத்தின் வேலை வேறு. ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். போன்ற தொழிற்சாலை அணிகளும், ‘தம்பிகள்’ என்று ஊரே கூப்பிடும் எம்.இ.ஜி. (மெட்ராஸ் என்ஜினியர் குரூப்) பட்டாள அணியும், பேட்டை கிளப்புகளும் மோதும் ஊர் லீக் நடக்கிற இடம் அது. சூப்பர் டிவிஷன், ஏ டிவிஷன், பி டிவிஷன் என்று கீழே இறங்கிக்கொண்டே போகும். ஃபேக்டரி ஷிப்ட் முடித்து வந்து ஆடுவார்கள். ஒரு ஆட்டம் முடிந்து வலையைச் சரிசெய்வதற்குள் அடுத்த அணி வார்ம்-அப்புக்கு வந்துவிடும். இத்தனை ஆட்டத்தை இயற்கைப் புல் தாங்காது என்பதால்தான் அங்கே செயற்கைப் புல். பெங்களூர் எஃப்.சி.யும் முதல் பருவத்தை அந்தச் செயற்கைப் புல்லில்தான் ஆடியது. மதிய வெயிலில் அந்தத் தரை தோசைக்கல் மாதிரி கொதிக்கும், அது வேறு விஷயம்.

மாநிலத்தின் பழைய பேரான மைசூர் என்ற பேரில், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியை நாம் 4 முறை வென்றோம், கடைசியாக 1968-69இல். அதன் பிறகு 54 வருஷம் காத்திருந்து, 2023 மார்ச்சில் ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று வென்றது கர்நாடகா. அப்படி ஒரு மாநில அணி எங்கிருந்து திரள்கிறது என்றால், இந்த மாதிரி ஊர் லீக்கிலிருந்துதான்.

36 மீட்டர்

கிளப் ஏன் கிளம்பியது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. அசோக்நகரில் கொள்வது 8,000 சொச்சம் பேர். ஆசியப் போட்டிகளில் ஆட வேண்டுமென்றால் இருக்கை, விளக்கு, உடைமாற்றும் அறை, ஊடக இடம் என்று ஒரு நீளப் பட்டியல் இருக்கிறது. கண்டீரவா 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்குத் தயாரான ஸ்டேடியம்; ஏறக்குறைய 25,000 பேர் உட்காரலாம். போனதில் தப்பில்லை. போனதால் பலனும் வந்தது. 2016 அக்டோபரில் மலேசியாவின் ஜோஹோர் அணியை அங்கே 3-1 என்று அடித்து, ஆசிய கிளப்புகள் மோதும் ஏ.எஃப்.சி. கோப்பையின் இறுதிக்குப் போன முதல் இந்திய கிளப் ஆனது. 2023 ஜூலையில் தெற்காசியப் போட்டியான சாஃப் கோப்பையின் இறுதி ஆட்டமும் அங்கேதான். குவைத்தைப் பெனால்டியில் வென்ற ராத்திரி, கப்பன் பார்க் மெட்ரோ வரைக்கும் தேசியக் கொடிகள்தான்.

ஆனால் கண்டீரவா ஒரு தடகள ஸ்டேடியம். பந்தாட்டம் அங்கே விருந்தாளி. இதை ஒரு கணக்குப் போட்டே காட்டலாம். வழக்கமான 400 மீட்டர் டிராக்கில் நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் உள் ஆரம் 36.5 மீட்டர், எட்டு லேனுக்கு 9.76 மீட்டர். ஆக, டிராக்கின் வெளிவிளிம்பிலிருந்து எதிர் வெளிவிளிம்புக்கு நீளவாக்கில் 177 மீட்டர். நடுவில் கிடக்கும் பந்தாட்டத் தளம் 105 மீட்டர். கழித்து இரண்டால் வகுத்தால் 36. கோல் கோட்டுக்குப் பின்னால் உட்காருகிறவர், முதல் வரிசையிலேயே இருந்தாலும், கோலிலிருந்து குறைந்தது 36 மீட்டர் தள்ளி இருக்கிறார். பக்கவாட்டில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. 12 மீட்டரில் டிராக் முடிந்துவிடும். ஆனால் உலகம் முழுக்கப் பாட்டும் மேளமும் பிறப்பது கோலுக்குப் பின்னால் இருக்கும் கேலரியில்தான்.

கிளப்பின் ரசிகர் குழுவுக்கு வெஸ்ட் பிளாக் ப்ளூஸ் என்று பேர். முதல் பருவத்திலேயே பிறந்த குழு, பேரிலேயே ஒரு கேலரி இருக்கிறது. கண்டீரவாவில் அவர்கள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள், அதில் குறை சொல்ல முடியாது. அசோக்நகரில் ஒரு லீக் ஆட்டம் பார்த்தவருக்கு வித்தியாசம் புரியும்: அங்கே வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, “டேய் தம்பி, வலது பக்கம் காலியா கெடக்குடா” என்று சொன்னால் விங்கர் திரும்பிப் பார்ப்பான்.

டிராக்கைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பெங்களூரில் வாடகைக்கு இருந்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. பத்து மாச அட்வான்ஸ் கொடுத்திருந்தாலும் சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். கண்டீரவா மாநில விளையாட்டுத் துறையின் சொத்து. ஓட்டக்காரர்களும் அவர்களுடைய பயிற்சியாளர்களும், தங்கள் பயிற்சி நேரம் பறிபோகிறது என்று வெகுநாளாகக் குறைப்பட்டார்கள். விவகாரம் உயர்நீதிமன்றம் வரை போனது. 2019இல், சொந்த ஊர் ஆட்டங்களைப் புனேயில் ஆட வேண்டி வரும் என்ற நிலைமை வந்து, பிறகு எப்படியோ சரியாகி, கிளப் கண்டீரவாவிலேயே தங்கியது. தடகளக்காரர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். டிராக் அவர்களுக்காகப் போட்டது. ஆனால் அந்தச் சில வாரங்களில் ஒரு விஷயம் வெளிச்சமானது: முந்தைய பருவத்தில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையைத் தூக்கிய கிளப்புக்குச் சொந்த ஊரில் நிற்க ஒரு இடம் கிடையாது.

மற்ற ஊர்க்காரர்கள்

லண்டனில் நம் ஆட்கள் அதிகம் இருக்கும் இடம் ஈஸ்ட் ஹாம். அதை ஒட்டி அப்டன் பார்க். அங்கே 1904லிருந்து வெஸ்ட் ஹாம் ஆடிக்கொண்டிருந்தது. 2016 மே மாதம் மான்செஸ்டர் யுனைடெட்டை 3-2 என்று வென்று அந்த மைதானத்தை மூடினார்கள். 99 வருஷக் குத்தகையில் ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்குப் போனார்கள். இடம் பெருசு, ரயில் வசதி பிரமாதம், வாடகையும் சல்லிசு. ஆனால் அது ஓட்டப்பந்தயத்துக்காகக் கட்டின கிண்ணம். கேலரிக்கும் தளத்துக்கும் நடுவில் பெரிய இடைவெளி, நகர்த்தும் இருக்கைகளைப் போட்டும் அது முழுசாக மறையவில்லை. ரசிகர்களின் புலம்பல் இன்னும் ஓயவில்லை. பழைய இடத்தில் அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டன. கிரீன் ஸ்ட்ரீட்டில் ஆட்ட நாள் கூட்டத்தை நம்பிக் கடை வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கூட்டம் போனது போனதுதான்.

இதற்கு நேர் எதிர் உதாரணம் டுரின். யுவென்டஸ் கிளப்பும் டிராக் போட்ட ஒரு பெரிய ஸ்டேடியத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. 69,000 இருக்கை, பாதிக்கு மேல் காலி. அதை இடித்துவிட்டு, அதே இடத்தில் 41,000 சொச்சம் பேருக்கு டிராக் இல்லாமல் கட்டி, 2011இல் திறந்தார்கள். இருக்கையைக் குறைத்துக்கொண்டு ஸ்டேடியம் கட்டிய கிளப். அதன் பிறகு தொடர்ந்து ஒன்பது பருவம் இத்தாலி லீக் அவர்களுடையது. ஸ்டேடியத்தால்தான் எல்லாம் என்று சொல்ல நான் அவ்வளவு அப்பாவி இல்லை. ஆனால் பெருசாகக் கட்டினால்தான் பெரிய கிளப் என்கிற நம் ஊர் நம்பிக்கைக்கு இது ஒரு நல்ல மருந்து.

கல்கத்தா ஏற்பாடுதான் நமக்கு ரொம்பப் பக்கம். அங்கே மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மைதான் பகுதியில் தங்கள் பழைய கிளப் மைதானங்களை விடவே இல்லை. அந்த நிலம் பட்டாளத்தின் பொறுப்பில் இருக்கிறது. ஒரு செங்கல் கூடுதலாக வைக்கவும் அனுமதி வேண்டும். ஆகவே பெரிய ஆட்டங்கள் 1984இல் திறந்த சால்ட் லேக் ஸ்டேடியத்துக்குப் போய்விட்டன. பயிற்சி, கல்கத்தா லீக்கின் சின்ன ஆட்டங்கள், வெற்றிலை போட்டபடி முதியவர்கள் அளக்கும் கதைகள் எல்லாம் பழைய இடத்தில். ஒரு கிளப், இரண்டு வீடு.

இங்கிலாந்தின் எவர்ட்டன் கிளப் 2025இல் 133 வருஷக் கூடிசன் பார்க்கை விட்டுத் துறைமுகத்துப் புது ஸ்டேடியத்துக்குப் போனது. பழையதை இடிக்காமல் பெண்கள் அணிக்குக் கொடுத்துவிட்டது. அதுவும் ஏறக்குறைய அந்த வழிதான்.

மூன்று ரயில்

இப்போது நம் ஊர். வெளியே போவது என்றால் எங்கே? எல்லார் விரலும் நீள்வது ஓசூர் ரோட்டுப் பக்கம். 2025இல் சூர்யநகரில் 80,000 பேர் உட்காரும் கிரிக்கெட் ஸ்டேடியத் திட்டம் அறிவித்தார்கள். அதே பகுதியில் கால்பந்துக்கும் ஒரு மூலை கேட்டால் என்ன என்பது வாதம். ஆகஸ்டில் மஞ்சள் லைன் மெட்ரோவும் பொம்மசந்திரா வரை திறந்துவிட்டது, 16 ஸ்டேஷன்.

பேப்பரில் நன்றாகத்தான் இருக்கிறது. அல்சூரிலிருந்து ஒரு பையன் பொம்மசந்திராவுக்கு ஆட்டம் ஆடப் போகட்டும். பர்ப்பிள் லைனில் மெஜஸ்டிக், அங்கே இறங்கி கிரீன் லைனில் ஆர்.வி. ரோடு, அங்கே இறங்கி மஞ்சள் லைன். மூன்று ரயில். இறங்கிய பிறகு ஆட்டோ. பூட்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு, பி டிவிஷன் ஆட்டத்துக்கு, வேலை நாள் மதியம். முதலாளியிடம் அரை நாள் லீவு கேட்டு வந்தவன் அடுத்த வாரம் வரமாட்டான். மூன்றாவது வாரம் அணியில் ஒன்பது பேர்தான் இருப்பார்கள். கிளப்பை யாரும் மூடமாட்டார்கள். அது தானாக நின்றுபோகும்.

இடம் மாறும் வாதத்தில் எனக்கு இதுதான் பெரிய ஓட்டை. பெரிய கிளப்புக்குப் பஸ் இருக்கிறது, ரசிகனுக்கு வார இறுதி இருக்கிறது. அவர்கள் பொம்மசந்திரா என்ன, புனேக்குக்கூடப் போவார்கள். வாரம் முழுக்க அந்த மைதானத்தை உயிரோடு வைத்திருப்பது யாரென்று பார்த்தால், நடந்தும் ஷேர் ஆட்டோவிலும் வருகிற நூறு சின்ன அணிகள். அவர்களால் போக முடியாது. இப்போது கட்டிக்கொண்டிருக்கும் பிங்க் லைனில் வெள்ளாரா ஜங்ஷனில் வரும் ஸ்டேஷன் அசோக்நகர் மைதானத்திலிருந்து நடக்கும் தூரம். ரயில் வீட்டுவாசலுக்கு வரப்போகிற நேரத்தில் வீட்டை விற்பது என்ன புத்தி?

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். ஐரோப்பிய உதாரணம் சொல்கிறவர்கள் மறக்கிற விஷயம், நம் கிளப்புகளிடம் ஸ்டேடியம் கட்டுகிற காசு கிடையாது. 2025இல் ஐ.எஸ்.எல். நடத்தும் உரிமை ஒப்பந்தம் முடியும் தறுவாயில் லீக்கே தொங்கலில் நின்றது. ஆகஸ்டில் பெங்களூர் எஃப்.சி. முதல் அணியின் வீரர்கள், ஊழியர்கள் சம்பளத்தை நிறுத்திவைப்பதாகவே அறிவித்தது. அந்த நிலைமையில் ஊருக்கு வெளியே 30,000 பேருக்குக் கட்டினால், லீக் ஒரு வருஷம் தள்ளாடும்போது அது ஆடு மேயும் இடமாகிவிடும். சின்னதாக, தினமும் புழங்குவதாக, பல பேர் வாடகை கொடுப்பதாக இருக்கிற இடம்தான் லீக் இல்லாத வருஷத்தையும் தாண்டும்.

19 வரிசை

சரி, அசோக்நகரிலேயே கட்டினால் எவ்வளவு கட்டலாம்? நான் 12,000 பேர் என்று வைத்துக்கொள்கிறேன். தளத்தைச் சுற்றி நான்கு பக்கமும் அளந்தால் ஏறக்குறைய 346 மீட்டர். ஆளுக்கு அரை மீட்டர் இருக்கை என்றால் ஒரு சுற்றுக்கு 690 சொச்சம். நடைபாதைக்குப் பத்தில் ஒரு பங்கு விட்டால் 620. 12,000 பேருக்கு ஏறக்குறைய 19 வரிசை வேண்டும். வரிசைக்கு 80 சென்டிமீட்டர் வீதம் கேலரியின் ஆழம் 15 மீட்டர்தான். கோட்டுக்கும் முதல் வரிசைக்கும் நடுவில் 8 மீட்டர் விட்டாலும், கடைசி வரிசைக்காரர் 23 மீட்டரில் இருக்கிறார். கண்டீரவாவில் கோலுக்குப் பின்னால் முதல் வரிசைக்காரர் 36 மீட்டரில். கோலுக்குப் பின்னால் இங்கே கடைசி வரிசை, அங்கே முதல் வரிசையைவிடக் கிட்டத்தில்! நான் இதை இரண்டு தடவை கழித்துப் பார்த்துவிட்டேன்.

கட்டடத்தைவிட எனக்குப் பயம் ரோட்டில்தான். 2025 ஜூன் 4 அன்று சின்னசாமி ஸ்டேடியத்துக்கு வெளியே 11 பேர் நசுங்கிச் செத்தார்கள். உள்ளே கேலரி இடிந்து அல்ல, வாசலில், உள்ளே போக முண்டியடித்ததில். நகர நடுவில் ஸ்டேடியம் வேண்டாம் என்று சொல்கிறவர்களின் கையில் இருக்கும் பலமான ஆயுதம் அது, அதை லேசாகத் தள்ள முடியாது. ஆனால் கணக்கு இதற்கும் இருக்கிறது. பிரிட்டனில் ஸ்டேடியப் பாதுகாப்புக்கு வைத்திருக்கும் வழிகாட்டியின்படி, ஒரு சுழல்கதவில் மணிக்கு 660 பேருக்கு மேல் கணக்கில் எடுக்கக் கூடாது. 12,000 பேர் ஒரு மணி நேரத்தில் நுழைய 19 சுழல்கதவு. வெளியேற 8 நிமிஷம், சமதளத்தில் மீட்டர் அகலத்துக்கு நிமிஷத்தில் 82 பேர். மொத்த வாசல் அகலம் 18 மீட்டருக்கு மேல். படிக்கட்டு வழியென்றால் 23 மீட்டர். இத்தனை வாசலை ஒரே ரோட்டில் திறந்தால் ஆபத்து. இரண்டு பக்கமாவது பிரிய வேண்டும், உள்ளே நுழைவதற்கு முன் நின்று வரிசை கட்ட ஒரு முற்றம் வேண்டும். 12,000க்கு இது முடிகிற காரியம். 25,000க்கு இந்த இடத்தில் முடியாது. நான் பெருசாகக் கேட்காததற்கு இதுவும் காரணம்.

ஆக, கல்கத்தா வழி: ஆசிய ஆட்டமும் கேரளா பிளாஸ்டர்ஸ் கிளப்போடு மோதும் ஆட்டமும் கண்டீரவாவிலேயே நடக்கட்டும், வாடகை கொடுத்து. கேரளாக்காரர்கள் வந்தால் எந்த ஸ்டேடியமும் போதாது, அது தனிக் கதை. மீதி எல்லாம், பெண்கள் லீக், இளையோர் லீக், ஊர் லீக், பெரிய கிளப்பின் சின்ன ஆட்டங்கள், அசோக்நகரில்.

இதை மாமாவிடம் சொன்னேன். அம்மாவின் தம்பி. ஒரு தொழிற்சாலை அணிக்குப் பி டிவிஷனில் ஸ்டாப்பர் பேக் ஆடியவர், முழங்கால் போன பிறகும் வாரத்துக்கு இரண்டு நாள் அந்தக் கேலரியில் உட்காராமல் இருக்கமாட்டார்.

“இடிப்பாங்கடா, நல்லா இடிப்பாங்க,” என்றார். “கட்டுவாங்களா? அது சொல்லு.”

இதுதான் உண்மையான எதிர்வாதம். நகர நடுவில் பொன் விலை போகும் நிலம். காலி ஆனால் யார் கண்ணும் அதில் விழும். லண்டனில் டாட்டன்ஹாம் தன் ஸ்டேடியத்தை 2017இல் முழுசாக இடித்துவிட்டு வெம்பிளிக்குப் போனது. 2018இல் திரும்ப வேண்டியது, 2019 ஏப்ரலில்தான் திரும்பியது. கையில் கோடிகள் இருந்த கிளப்புக்கே அந்தக் கதி. நம் ஊர் டெண்டரில் எட்டு மாசம் எட்டு வருஷமாகும். அதுவரை ஊர் லீக் எங்கே போகும்?

லிவர்பூல் காட்டிய வழி வேறு. அவர்களும் பக்கத்துப் பார்க்கில் புதுசாகக் கட்டப் பல வருஷம் திட்டம் போட்டார்கள். 2012இல் அதைக் கைவிட்டு ஆன்ஃபீல்டிலேயே வேலை செய்வது என்று முடிவெடுத்தார்கள். பழைய மெயின் ஸ்டாண்டில் ஜனம் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும்போதே அதன் முதுகுக்குப் பின்னால் புது ஸ்டாண்டின் எலும்புக்கூட்டை எழுப்பி, 2016 கோடையில் இரண்டையும் சேர்த்தார்கள். பிறகு இன்னொரு பக்கம். 45,000 இருந்த இடம் 61,000 ஆனது, ஒரு பருவம்கூட வெளியே போகாமல்.

மாமாவிடம் அதைச் சொன்னேன். ஒரு சமயத்தில் ஒரு பக்கம் மட்டும். தளத்தில் கை வைக்கக் கூடாது, வடிகால் வேலை மட்டும் முதல் மழைக்கு முன் ஒரே மூச்சில் முடிய வேண்டும். லீக் ஒரு நாள்கூட நிற்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். லண்டன் செல்சீயில் ரசிகர்கள் பங்கு வைத்திருக்கும் ஒரு கம்பெனியிடம் 1997லிருந்து மைதான நிலம் இருக்கிறது. கிளப் தன் இஷ்டத்துக்கு அதை விற்றுவிட்டுப் போக முடியாது. நமக்கு அப்படியே செய்ய முடியாவிட்டாலும், இந்த நிலத்தில் பந்தாட்டத் தளம் தவிர வேறு எதுவும் வராது என்ற ஒரு வரியையாவது பத்திரத்தில் ஏற்ற வேண்டும். ரோட்டுப் பக்கம் கீழ்த்தளத்தில் கடைகள் வரட்டும். அந்த வாடகை செயற்கைப் புல்லை எட்டுப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற உதவும்.

மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். தண்ணீர் குடித்தார். பிறகு, “எந்தப் பக்கத்த மொதல்ல எடுப்பாங்க?” என்றார்.

“அது எதுவானா என்ன மாமா?”

“எதுவானா என்னவா? சாயங்காலம் நாலு மணி ஆட்டத்துக்கு மேற்கு கேலரிலதான்டா நெழல் விழும். வயசானதுங்க எல்லாம் அங்கதான் குந்தும். மொதல்ல கெழக்க இடிக்கச் சொல்லு. அது முடிஞ்சு, கூரையும் போட்ட பெறகு, எங்கள அந்தப் பக்கம் மாத்திக்கிட்டு மேற்க தொடட்டும்.”